பேறுகாலம் அம்மை வீட்டுக் கடன் அல்ல

எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்ற சேதி வந்ததும் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தள்ளையும் பிள்ளையும் சுகமா?” சுகம் என்று பதில் வந்துவிட்டால் ஊரின் கவலை தீர்ந்தது. மிச்சத்தை அம்மை வீடு பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் படித்தவர்கள் இதையே வேறு தோரணையில் சொல்வார்கள். குமரி படித்த மாவட்டம். வீட்டில் பேறு நடப்பதெல்லாம் பழங்கதை. தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பெற்றவளுக்குப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? இதில் அரசுக்கு என்ன வேலை, கட்டியவனுக்குத்தான் என்ன வேலை? கல்யாணப் பந்தியில் தொடங்கி அலுவலக மேசை வரைக்கும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

இந்த எண்ணம் தவறு. பச்சை உடம்புக்காரிகளுக்கும் பச்சைப் பிள்ளைகளுக்கும் அன்றாடம் தீங்கு செய்துகொண்டிருக்கிற தவறு. அதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் வாதம், “எல்லாம் ஆஸ்பத்திரியில்தானே நடக்கிறது” என்பது. உண்மைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது இந்த மாவட்டம். 1838-லேயே நெய்யூரில் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மிஷன் மருத்துவர் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டார். இன்றைக்கு ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தக்கலையிலும் குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பேறுகள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இதைச் சாதித்த செவிலியர்களையும் மருத்துவர்களையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேறுகளில் கிட்டத்தட்ட 45 சதவீதம் அறுவைசிகிச்சை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 34 சதவீதமாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 60 சதவீதத்துக்கும் மேல். அப்படியென்றால், பிள்ளையோடு வீடு திரும்பும் பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வயிற்றில் தையலோடு வருகிறார்கள். கட்டிலிலிருந்து எழ ஒரு கை வேண்டும். இருமினால் வயிற்றைப் பொத்திக்கொள்ள வேண்டும். வேறு எந்தப் பெரிய அறுவைக்குப் பிறகும் நோயாளியை ஓய்வெடுக்கச் சொல்கிறோம். இவளிடம் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்தெழுந்து இன்னொரு உயிரைக் காப்பாற்றும் பொறுப்பைக் கொடுத்து அனுப்புகிறோம். பேறு ஒரு நாளில் முடிகிறது. பேறுகாலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. மருத்துவமனையின் கணக்கு முடிகிற இடத்தில் நம்முடைய அக்கறையும் முடிந்துபோகிறது.

“அதற்குத்தானே அம்மை வீடு?” என்பது இரண்டாவது வாதம். இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. பழைய ஏற்பாட்டில் பெரிய அறிவு இருந்தது. நாற்பது நாள் அவளை அடுக்களைப் பக்கம் விடமாட்டார்கள். பச்சிலைகள் போட்டுக் கொதித்த வேது தண்ணீரில் உடம்புக்கு ஊற்ற ஒருத்தி, பேறுகால மருந்து இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் கிண்ட ஒருத்தி, துணி அலச ஒருத்தி. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி இறக்கிய உருக்கெண்ணெயைத் தடவி, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் கிழவியின் கையில் ஐம்பது பிள்ளைகளைத் தொட்ட பழக்கம் இருக்கும். பிள்ளை அழுதால் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. தாய்க்குத் தூக்கம் கிடைத்தது. பல கைகள் சேர்ந்து ஒருத்தியைத் தாங்கின.

அந்தக் கைகள் இன்று எங்கே? கூட்டுக்குடும்பம் போய் ஐம்பது வருடமாகிறது. அம்மை வீட்டில் இருப்பது அம்மை ஒருத்தி. அவளுக்கு ஐம்பத்தைந்து வயது, முட்டுவலி, கொஞ்சம் சர்க்கரை. அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலைக்கோ நூறுநாள் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவள். படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் அவள்தான் பார்க்க வேண்டும். மகன் துபாயிலோ குவைத்திலோ இருக்கிறான். விளவங்கோட்டுப் பக்கம் ஒவ்வொரு தெருவிலும் இப்படி நாலு வீடாவது உண்டு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆழ்கடல் மீனவர்கள் கடலுக்குப் போனால் திரும்ப வாரங்கள் ஆகும். பிள்ளை பிறந்த சேதியே கரைக்கு வந்த பிறகுதான் பலருக்குக் கிடைக்கும். நாம் “அம்மை வீடு” என்று சொல்லும்போது உண்மையில் சுட்டுவது ஒரேயொரு களைத்த பெண்ணை. மகளோடு சேர்ந்து அவளும் இரவெல்லாம் விழித்திருந்து விடியற்காலை வேலைக்கு ஓடுகிறாள்.

தாய் இறந்துபோனவளுக்கு எது அம்மை வீடு? சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகப் படியேறக் கூடாது என்று சொல்லப்பட்டவள் எங்கே போவாள்? பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கிறவளின் அம்மை நாலு நாள் காட்டுவேலைக்குப் போகாமல் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? பணம் இருக்கிறவர்கள் பேறுகாலம் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அம்மை வீட்டால் மட்டும் முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வசதி உள்ளவர்கள் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு தேவையை, வசதி இல்லாதவர்களிடம் மட்டும் “உனக்கு அம்மை வீடு இருக்கிறதே” என்று சொல்லி மறுப்பது அநியாயம்.

கைகள் போனாலும் கட்டளைகள் போகவில்லை. பெற்றவள் தண்ணீர் நிறையக் குடிக்கக் கூடாது, காய்கறி ஆகாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது என்ற விதிகள் அப்படியே இருக்கின்றன. அவளுக்குப் பதிலாக இரவில் பிள்ளையைத் தூக்க மட்டும் ஆள் இல்லை. பழைய வழக்கங்களில் நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்லவும் ஒருவரும் வருவதில்லை. உருக்கெண்ணெய் தடவுவது நல்லது, தோலுக்குப் பாதுகாப்பு. அந்த எண்ணெயையே மூக்கில் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. குளிப்பாட்டி முடித்துச் சளி எடுக்கிறேன் என்று மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் பெரியவர்களின் கிருமிகளை நேராகப் பிள்ளைக்குள் அனுப்புவது. சேனை என்று தேனும் சீனித்தண்ணீரும் தொட்டு வைக்கிறார்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில் படக் கூடாது. வசம்பையும் உரை மருந்தையும் உரைத்துப் புகட்டுகிறார்கள். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. இதையெல்லாம் இருபத்திரண்டு வயதுப் பெண் தன் மாமியாரிடம் சொன்னால் சண்டைதான் வரும். சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து, பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கைப்பழக்கத்தை மதித்து இதமாகச் சொன்னால் கேட்பார்கள். அப்படிச் சொல்ல ஆள் வர வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் கொடியது: “பெற்றவளுக்கு எல்லாம் தானாக வரும்.” வராது. பால் கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ராத்திரி என்ன நடக்கிறது என்று ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். முதல்நாள் பிள்ளையின் இரைப்பைக்கு ஒரு தேக்கரண்டி போதும். மூன்று நாலு நாளில்தான் மார் நிறையும்; அறுவையானால் இன்னும் ஒரு நாள் பிந்தலாம். அது ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை அலறுகிறது. காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுப்பதால் புண்ணாகி இரத்தம் கசிகிறது. தாய் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிறாள். சுற்றி நிற்கிறவர்கள் “பால் பத்தல” என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். விடிவதற்குள் மருந்துக்கடையிலிருந்து டின் வந்துவிடுகிறது. புட்டிப்பால் குடித்த பிள்ளை தூங்குகிறது, மாரில் உறிஞ்சுவது குறைகிறது, உறிஞ்சாததால் சுரப்பும் குறைகிறது. பத்தாம் நாள் அவள் தன்னால் பால் கொடுக்க முடியாது என்று தானே நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

அந்த இரவில் தேவைப்பட்டது விஷயம் தெரிந்த ஒரு கை. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போகும்படி சேர்த்துப் பிடிக்க வேண்டும். தாடை மாரில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை ஊட்ட வேண்டும். முதல் வாரத்தில் பிள்ளையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பழைய எடை வந்துவிடும். ஆறாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுக்கக்கூடிய காரியம் இது. கற்றுக்கொடுக்க ஆளில்லாததால், ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவதில் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு எட்டிய தமிழ்நாட்டில், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55 சதவீதம்தான். பால்மாவு விளம்பரத்தைத் தடுக்க 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. விளம்பரமே தேவையில்லாமல் டின்னை வீட்டுக்குள் கொண்டுவருவது தாயின் தனிமை.

தனிமை பாலை மட்டும் கெடுப்பதில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஒன்றிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் வராமல், காரணமின்றி அழுதுகொண்டிருக்கிறவளைப் பார்த்து நம் ஊரில் “பேறு பார்த்த கொழுப்பு” என்பார்கள். இல்லையென்றால் பேய்க்கோளாறு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் மருத்துவர்கள் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. பேற்றுக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். ஆபத்துக் காரணிகளாக மருத்துவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண்பிள்ளை, மாமியாரோடும் பெற்றவர்களோடும் உரசல், கர்ப்பகாலத் துயரங்கள், உடலுழைப்பில் உதவ ஆளில்லாமை. கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். ஒத்தாசைக்கு ஒரு ஆள் இல்லாததும் ஒரு பெண்ணை நோயை நோக்கித் தள்ளுகிறது. பெற்ற வீட்டோடு உள்ள உரசலும் பட்டியலில் இருக்கிறது. அம்மை வீடு எல்லோருக்கும் நிழல் அல்ல.

அடுத்து வருவது பெரியவர்களின் வாதம்: “நாங்கள் எட்டுப் பெற்று வளர்க்கவில்லையா?” வளர்த்தீர்கள். அந்தப் பாட்டிகளின் உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் கணக்கை முழுதாகச் சொல்ல வேண்டும். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அந்தக் காலத்துத் தாய்மாரிடம் எத்தனை பெற்றீர்கள் என்று கேட்டால் ஓர் எண் சொல்வார்கள். எத்தனை தங்கின என்று கேட்டால் வேறோர் எண். பிழைத்த பிள்ளைகளை மட்டும் சாட்சிக்கு அழைத்து அந்தக் காலத்தைப் புகழ்வது, தென்னைமூட்டில் புதைத்த பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். அதைச் சுமந்த பாட்டிகளுக்கும்தான்.

இனி ஆண்களிடம் வருகிறேன். “தீட்டு வீடு, ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை?” என்ற பேச்சு ஆணுக்கு வசதியாக இருப்பதால்தான் நிலைத்திருக்கிறது. தலைப்பேற்றுக்குப் பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவையும் அம்மை வீட்டின் தலையில் வைத்து, இருபத்தெட்டாம் நாள் நூல்கெட்டுக்கு மாமியார் வீடு போடும் பொன்னை எடைபோடப் போகிற தகப்பன்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை அவனுடையதும்தான். பால் சுரப்பதைத் தவிர மற்றெல்லாம் ஆணாலும் முடியும்: ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, குளிப்பாட்ட, ராத்திரி இரண்டு மணிக்குத் தோளில் போட்டு நடக்க, வீட்டுக்கு வருகிற கூட்டத்தை வாசலோடு நிறுத்த. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எடைகுறைந்த பிள்ளைகளை வெறும் மார்போடு அணைத்துக் காக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார்கள்; இன்று உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். அந்தச் சூட்டைத் தகப்பன் மார்பும் கொடுக்கும். சட்டம்தான் இன்னும் அவனைத் தகப்பனாகக் கருதவில்லை. மத்திய அரசு ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. ரப்பர் பால் வெட்டுகிறவனும் படகில் போகிறவனும் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று.

கடைசி வாதம் இது: “வீட்டுக்குள்ளே அரசு எதற்கு? ஏற்கெனவே எவ்வளவோ தருகிறார்களே.” தருகிறார்கள், மறுக்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி வருகிறது. அரசு மருத்துவமனையில் பெற்றால் 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் கிடைக்கிறது; 2015-இல் தொடங்கிய திட்டம். பின்லாந்தில் 1938 முதல் இப்படிப் பெட்டி கொடுக்கிறார்கள் என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அரசுப் பெண் ஊழியருக்கு ஒரு வருடம் விடுப்பு உண்டு. ஆனால் மூன்றாம் நாள் இரவில் பெட்டகம் பேசாது, பணம் பிள்ளையைத் தூக்காது. வீட்டுக்கு வர வேண்டிய கிராம சுகாதாரச் செவிலியருக்கு 5,000 பேர் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பப் பதிவு, கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று அவர்களுடைய நாள் முடிந்துவிடுகிறது. பிறந்த மூன்றாம் நாளில் தொடங்கி 42-ஆம் நாள் வரை ஆறு முறை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று தேசியத் திட்டமே சொல்கிறது. அதற்காக நியமிக்கப்படும் ஆஷா பணியாளர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் எட்டாத இடங்களிலும்தான் இருக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் பெற்று வந்தவளின் கதவை யார் தட்டுகிறார்கள்?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் சாதாரணக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளின் மரணம் 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் வெளியானது. நெதர்லாந்தில் பிள்ளை பிறந்த முதல் வாரம் பயிற்சி பெற்ற பணியாளர் தினமும் சில மணி நேரம் வீட்டுக்கே வருகிறார். தாயையும் பிள்ளையையும் கவனிப்பதோடு தகப்பனுக்கும் சொல்லிக்கொடுக்கிறார். செலவில் பெரும்பகுதியை அடிப்படைக் காப்பீடு ஏற்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுயஉதவிக்குழுப் பெண்களே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். தாத்தாவின் மாத்திரைக்காகத் திறக்கிற கதவு பேத்தியின் பிள்ளைக்காகவும் திறக்கும். வீட்டுக்குள் அரசு வரலாமா என்ற கேள்விக்கு நம் முதியவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையோ தனியாரோ, வீடு திரும்பும் ஒவ்வொரு தாயின் பெயரும் அன்றே அந்த ஊர்ச் செவிலியருக்குப் போக வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு முறையாவது ஒருவர் வீட்டுக்கு வந்து பால் குடிப்பதையும் தையலையும் பார்க்க வேண்டும், பிள்ளைக்கு மஞ்சள்காமாலை உள்ளங்கால்வரை இறங்கியிருக்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, உடம்பு சுடுகிறதா, சில்லிட்டிருக்கிறதா, பால் குடிக்க மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும், “உனக்குத் தூக்கம் வருகிறதா மோளே?” என்று தாயைத் தனியே கேட்க வேண்டும். ஊருக்கு இரண்டு பெண்களுக்குப் பேறுகாலம் பார்க்கப் பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுத்து, இயலாத குடும்பங்களுக்கு அவர்களை இலவசமாக அனுப்ப வேண்டும். பாட்டிகளுக்கும் தகப்பன்களுக்கும் கர்ப்பகாலத்திலேயே வகுப்பு வேண்டும். தகப்பன் விடுப்பு எல்லாத் தொழிலுக்கும் வர வேண்டும். கூலிக்காரனுக்கு அந்த நாள்களின் கூலியை நலவாரியம் கொடுக்க வேண்டும். தேவாலய அன்பியமும் கோயில் கமிட்டியும் ஜமாஅத்தும் திருவிழாவுக்குத் திரட்டுகிற ஆள்பலத்தில் கொஞ்சத்தை, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்து நாள் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் திரட்டலாம்.

அம்மை வீட்டின் அன்பை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்த அன்பைக் காரணம் காட்டி மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொண்டதைத்தான் நான் எதிர்க்கிறேன். பிறக்கிற பிள்ளை நாளைக்கு ஊருக்கு உழைக்கப் போகிற பிள்ளை. நாட்டுக்கு வரி கட்டப் போகிற பிள்ளை. அதன் முதல் நாற்பது நாளுக்கு ஊரும் நாடும் பொறுப்பேற்பது தர்மம் அல்ல, கடமை. எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் இதிலும் முதலில் நிற்கட்டும். வரும் ஆண்டு குமரி மாவட்டத்தில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் எந்தப் பெண்ணும், முதல் வாரத்தில் பயிற்சி பெற்ற ஒருவரைக்கூடப் பார்க்காமல் விடப்படக் கூடாது. மாவட்ட நிர்வாகம் இந்தக் கணக்கை மாதாமாதம் வெளியிட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நமக்கு.